இறவாமையும் வெளியும்

மக்கள் உள்ளத்து நீங்காது கிடக்கும் அவா இரண்டு. ஒன்று சாவாதிருத்தல், மற்றொன்று தடையின்றி எங்குஞ் செல்லுதல். முன்னையது காலத்தான் வரும் எல்லையைக் கடக்க விழைவது. பின்னையது இடத்தான் வரும் எல்லையைக் கடக்க விழைவது. இவ்விரண்டனையும் சமய நூல்களே பேசிவந்த நிலை மாறி, சிற்பமும் ஓவியமும் திரைப்படமும் எடுத்துப் பேசுங் காலமாயிற்று. உருஷிய தேசத்தார் சிலர் இவ்விரண்டு அவாவினையும் ஒன்றாகப் பிணைத்து ஒரு தத்துவமாகவே வகுத்தனர். அத்தத்துவத்தின்மேற் படங்களும் எடுக்கப்பட்டன. அவற்றை நம் சித்தர் நெறியே எனக் கொண்டு வியத்தலும் எளிது. வெறும் உலகாயதம் எனத் தள்ளுதலும் எளிது. ஆயின், சற்றே நின்று ஆராய்தற்குரிய பொருள் அதன்கண் உண்டு. என்னை? இறந்தார்க்கு இருப்பார் செய்யக்கடவது யாது என்னும் வினா அதன் அடியிற் கிடத்தலின் என்க.

அத்தத்துவத்தின் முதலாசிரியர் நிக்கோலாய் பியோதரோவ் என்பார். 1829 இற் பிறந்து 1903 இல் மறைந்தவர். மாஸ்கோ நகரத்து ருமியாந்சேவ் காட்சிச்சாலையின் நூல்நிலையத்தில் நெடுங்காலம் ஊழியம் புரிந்தவர். ஊதியத்தை ஏழைகட்கு ஈந்து, மணமின்றி, துறவிபோல் வாழ்ந்தவர். தம் பெயரால் நூல் வெளியிடுதலையும் விரும்பாதவர். அவர் எழுதியவற்றை மாணாக்கர் அவர் மறைந்த பின்னரே தொகுத்து அச்சிட்டனர். அவர் கொள்கையின் சாரம் இது: சாவு உயிர்க்கு இயல்பன்று, குருட்டியற்கையின் விளைவே. மக்கள் அறிவால் இயற்கையை ஆண்டு சாவினை வெல்லுதல் கூடும். அங்ஙனம் வென்று தாம் மட்டும் சாவாதிருத்தல் அறமாகாது. தம்மைப் பெற்றுத் தேய்ந்து மாண்ட தந்தையரை மைந்தர் மீட்டல் வேண்டும். அத்தந்தையர் தம் தந்தையரை மீட்பர். இங்ஙனம் முதல் மனிதன்காறும் எல்லாரும் எழுப்பப்படுவர். சிதறிப்போன உடலின் அணுக்களைத் தேடிக் கூட்டுதலே அதற்கு வழி. அங்ஙனம் எழுந்த அத்துணை பேர்க்கும் இந்நிலவுலகு போதாது. ஆதலின் வேறு கோள்களிற் குடியேறுதல் வேண்டும்.

வானிற் செல்லுதல் என்னும் எண்ணம் இங்ஙனம் இறந்தார்க்கு இடந்தேடும் எண்ணமாகத் தோன்றிற்று என்பது வியப்பிற்குரியது. இளமையில் மாஸ்கோ நகரிற் பியோதரோவ் பணிபுரிந்த நூல்நிலையத்தில் அமர்ந்து கற்ற ஒருவர் கான்ஸ்தந்தீன் த்சியோல்கோவ்ஸ்கி. செவிப்புலன் குன்றிய ஏழைப் பள்ளியாசிரியராய் வாழ்ந்த இவர், இராக்கெட்டினால் அண்டவெளியிற் செல்லும் முறையைக் கணக்கிட்டு 1903 இல் வெளியிட்டார். பின்னர் 1920-களின் தொடக்கத்தில் உயிர்ப் பிரபஞ்சவாதிகள் என்று தம்மைக் கூறிக்கொண்ட ஒரு கூட்டத்தார், சாவாமையும் விண்ணிற் செல்லுதலும் மாந்தர் ஒவ்வொருவர்க்கும் உரிய உரிமை எனப் பறைசாற்றினர். இவ்வரலாற்றினையே பொருளாகக் கொண்டு, மாஸ்கோவிற் பிறந்து நியூயார்க்கில் வாழும் ஆன்டன் விடோக்கில் என்னும் கலைஞர் 2014, 2015, 2017 ஆம் ஆண்டுகளில் மூன்று படங்கள் எடுத்தார். இரண்டாவது, கதிரவன் இயக்கமே வரலாற்றை நடத்துவது என்ற சிழெவ்ஸ்கி என்பாரைப் பற்றியது. மூன்றாவது, காட்சிச்சாலைகளைப் பற்றியது. இறந்தாரை எழுப்பும் பணிக்குக் காட்சிச்சாலையே தொடக்கம் என்பது பியோதரோவின் துணிபு. பழம்பொருளைப் பேணுவான் இறந்தாரைப் பேணுகின்றான். பேணுதலின் முடிவு எழுப்புதல் என்பது அவர் கருத்து.

இக்கொள்கையினை மறுக்குமுன் அதன்கண் உள்ள நன்மையை ஒப்புக்கொள்ளுதல் முறை. தன் இன்பமே கருதிச் சாவாமையை நாடுவார் பலர். பியோதரோவ் அவருள் ஒருவரல்லர். முன்னோர் மாண்டதன்மேல் நின்று நாம் வாழ்கின்றோம் என்னும் நாணமே அவரை உந்திற்று. வள்ளுவரும் இல்வாழ்வான் ஓம்பும் ஐவகை இடத்துள் தென்புலத்தாரையே முதற்கண் வைத்தார். நீர்க்கடன் இறுக்கும் மரபினர்க்கு அவர்தம் நாணம் விளங்காததன்று. ஆயின், நோக்கம் தூயதாயினும் வழி பிழையாயின் பயன் என்னாம்?

அணுக்களைக் கூட்டுதல் என்பதனை முதற்கண் நோக்குக. மதுரைக்குக் கிழக்கே வைகைப் புலத்தில் கீழடியும் அதனையடுத்துக் கொந்தகையும் உள. கீழடியில் பல ஆண்டுகளாக அகழாய்வு நிகழ்ந்து வருகின்றது. பண்டை மக்கள் வாழ்ந்த இடம் கீழடி. கொந்தகை இறந்தோரை இட்ட இடம். அங்கே முதுமக்கள் தாழிகள் நிரம்பத் தோண்டி எடுக்கப்பட்டன. இறந்தாரைத் தாழியிற் கவித்து, உடன் கலங்களும் வைத்துப் புதைத்த அம்மக்களும் ஏதோ ஒரு தொடர்ச்சியை எண்ணியே அங்ஙனஞ் செய்தனராதல் வேண்டும். 2023 இல் கீழடியில் காட்சிச்சாலையும் திறக்கப்பட்டது. பியோதரோவ் காணின் மகிழ்ந்திருப்பர்.

ஆயின், அத்தாழிகளைச் சூழ்ந்த நிலம் வயலும் தென்னந்தோப்பும் ஆம். ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக அம்மண்ணில் உரமாய்க் கலந்த உடல்கள் எத்துணை! அம்மண் நெல்லாயிற்று, நெல் சோறாயிற்று, சோறு மற்றொருவன் தசையாயிற்று, அவனும் மாண்டு மண்ணாயினான். அவ்வாறாயின் ஓர் அணு எவனுடையது? பாட்டனுக்கா, அவன் பேரனுக்கா, இருவர்க்கும் முன் அவ்வணுவை உடலிற் கொண்டிருந்த ஆவிற்கா? தந்தைக்கு அதனைக் கொடுப்பின் பாட்டன் குறையுடையனாவன். உடல் ஒருவன் முற்றுரிமைப் பொருளன்று. மாயையினின்றும் இரவலாகப் பெற்றுச் சின்னாள் துய்த்துத் திருப்பிக் கொடுக்கும் கருவியே. தனு கரண புவன போகங்களை மாயேயம் என நம் ஆசிரியன்மார் ஓரினமாக வைத்து எண்ணியதன் நுட்பம் ஈண்டு விளங்கும். உடல் எதனால் ஆயதோ அதனாலேயே உலகும் ஆயது. உலகினின்று உடலைப் பிரித்து நிலைநிறுத்தல் கூடாது.

இனி, அணுக்கள் கூடிவிட்டன என்றே கொள்வோம். கூடியது உடல், உயிர் யாண்டையது? பாம்பு தோலுரித்தாற் போலவும், புள் முட்டையை விட்டு நீங்கினாற் போலவும், உயிர் பழைய உடல் விட்டு வினைக்கீடாய் வேறுடல் கொள்ளும் எனச் சித்தாந்த நூல்கள் தெளிவுறுத்தும். தந்தை இறந்து இருபது ஆண்டாயிற்றெனின், அவ்வுயிர் இப்போது பிறிதோர் இல்லத்தில் ஒரு தாயின் மகனாய்ப் பத்தொன்பது வயது நிரம்பியிருத்தல் கூடும். அவ்வுயிரைப் பழைய உடற்கு அழைத்தல் என்பது அத்தாயின் மகனைக் கொல்லுதலாய் முடியும். மைந்தன் அன்பினாற் செய்யப்புகுந்த செயல் மற்றொரு தாய்க்கு அவலமாதல் காண்க. எழுப்புதல் அறம் என்பார் இவ்விடையூற்றினைக் கண்டிலர். உயிர் ஒருமுறையே பிறக்கும் என்னும் கோட்பாட்டிற் பயின்றவராதலின்.

உயிர் வாராது உடலும் நினைவும் மட்டும் வரின் யாதாகும்? இதனை ஒரு படம் ஆழ்ந்து நோக்கியுள்ளது. போலந்து நாட்டு ஸ்தானிஸ்லாவ் லெம் 1961 இல் எழுதிய கதையைத் தழுவி, உருஷியராகிய ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி 1972 இல் எடுத்த 'சோலாரிஸ்' என்பது அது. கெல்வின் என்னும் உளநூல் வல்லான் தொலைவிலுள்ள ஒரு கோளின்மேல் மிதக்கும் நிலையத்திற்குச் செல்கின்றான். அக்கோள் முழுதும் கடல். அக்கடல் ஒருவாறு அறிவுடையது. மாந்தர் துயிலும்போது அவர் நினைவினுட் புகுந்து அங்குள்ள உருவத்தைப் புறத்தே ஆக்கி அனுப்புவது. பத்தாண்டின் முன் தற்கொலை செய்துகொண்ட அவன் மனைவி ஹாரி, அவன் கண்விழிக்கையில் எதிரே இருக்கின்றாள். அஞ்சிய அவன் அவளை ஒரு விண்கலத்தில் ஏற்றி அகற்றிவிடுகின்றான்; மறுமுறை அவளே வருகின்றாள். புண் தானே ஆறும். நச்சுக்குளிர் நீர் குடித்து மாண்டாலும் மீண்டும் எழுவாள். சாவாமை என இதனைக் கூறாது வேறென் கூறுவது! ஆயினும் அவள் சிறிது சிறிதாக உணர்கின்றாள், தான் ஹாரியல்லள் என்பதனை. அவன் அன்பு பெருகப் பெருக அவளது துன்பமும் பெருகுகின்றது. முடிவில் தன்னை அழித்துவிடும்படி நிலையத்தாரை வேண்டி, மடல் ஒன்று எழுதிவைத்து மறைகின்றாள்.

இதனை நம் பெரியபுராணத்துச் சாத்தனூர் நிகழ்ச்சியோடு ஒப்பவைத்துக் காணுதல் வேண்டும். கயிலையினின்று பொதியத்தை நோக்கி வந்த சிவயோகியார், ஆவடுதுறையை அகலும்போது காவிரிக்கரையிற் பசுக்கள் கதறுவதைக் கண்டார். மேய்ப்பான் மூலன் உயிர் நீங்கிக் கிடக்க, அவை அவனைச் சூழ்ந்து மோந்தும் வலம் வந்தும் வருந்தின. ஆக்களின் துயர் தீர்த்தற்பொருட்டு யோகியார் தம் உடலை ஓரிடத்தே சேமித்து, மூலன் உடலிற் புகுந்து எழுந்தார். பசுக்கள் களித்தன. மாலையில் அவை தத்தம் இல்லம் புக்கன. மூலன் மனைவி, கணவன் வரவு காணாது தேடிவந்து, அவரைக் கண்டு அணுகினாள். அவர் விலகினார், தமக்கு அவளோடு யாதோர் உறவும் இல்லை என்றார், பொதுமடத்தினுட் புகுந்து யோகில் அமர்ந்தார். அவள் அன்றிரவு துயின்றிலள். மறுநாள் ஊர்ப்பெரியோர்பாற் சென்று முறையிட்டாள். அவர்கள் வந்து நோக்கி, இவர் நிலை வேறு, மீட்டற்கரியது எனத் தெளிந்து அவளைத் தேற்றி அழைத்தேகினர்.

இந்நிகழ்ச்சியைக் கற்பார் திருமூலரின் யோகப் பெருமையைப் போற்றிவிட்டு அப்பாற் செல்வர். அப்பெண்ணின்பால் சற்றே நிற்பார் சிலரே. கணவனுடல் கண்முன் நடக்கின்றது. கண்ணும் குரலும் அவனவே. கணவன் மட்டும் இல்லை. உலகில் எவர்க்கும் நேராத துயர் அவட்கு நேர்ந்தது. ஆக்களுக்கு இரங்கிய அருளாளர் இவட்கு இரங்காதது ஏன் என வினவத் தோன்றும். விடை அந்நிகழ்ச்சியிலேயே உளது. ஆ தன் மேய்ப்பானை வடிவாலும் மணத்தாலும் அறியும். அவ்வடிவு எழுந்து நடப்பின் அதன் துயர் முற்றத் தீரும். அங்கே வஞ்சனை யாதும் இல்லை. மனைவியோ வடிவை விழைந்தவளல்லள். அவ்வடிவிலிருந்த ஓருயிரை விழைந்தவள். அவ்வுயிர் இல்லாத உடலைக் கணவன் என ஏற்கச் செய்வது அவள் அன்பினை ஏமாற்றுதலாகும். 'யான் அவனல்லேன்' எனக் கூறி விலகியதே அவட்குச் செய்யத்தக்க இரக்கம்; கொடிதாகத் தோன்றினும் மெய்யாகிய இரக்கம் அதுவே. ஹாரியின் மடலும் இதனையே கூறிற்று. கெல்வினோ கேட்டிலன். படமுடிவில் அவன் தன் தந்தையின் இல்லத்தை அடைந்து அவர் அடியில் மண்டியிடுகின்றான். ஆயின் அவ்வில்லத்தின் உள்ளே மழை பெய்கின்றது. காட்சி அகல அகல, அவ்வில்லமும் அக்கடல் சமைத்த ஒரு தீவு எனத் தெரிகின்றது. நினைவே கட்டிய வீட்டில் தந்தையுமில்லை, வீடுமில்லை.

அற்றேல், இறந்தாரை எழுப்புதல் நம் அடியார் வரலாற்றிலும் உளதன்றோ எனின், உளது. நாவரசர் திங்களூரில் அப்பூதியடிகளின் மைந்தனை விடந்தீர்த்து எழுப்பினார். நம்பியாரூரர் அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையை வருவித்தார். ஞானசம்பந்தர் மயிலையிற் குடத்திலிட்ட என்பினையும் சாம்பரையும் பூம்பாவையாக்கினார். மூன்றாவது பெரிதும் நோக்கத்தக்கது. அணுக்களைக் கூட்டியதோடு ஒப்பதாய்த் தோன்றுவது அதுவேயன்றோ? ஆயின் பிள்ளையார் அணுக்களைத் தேடினாரல்லர், பதிகம் பாடினார். அப்பதிகத்திற் பெரும்பாலும் அவர் வினவியது, கபாலீச்சரத்துத் திங்கள்தோறும் நிகழும் விழாக்களைக் காணாது போதல் தகுமோ என்பதே. மானிடப் பிறவியைத் துணிந்து மீட்டற்குரிய காரணம் யாதெனின், இறைவன் விழாக் காண்டலும் அடியார்க்கு அமுதூட்டலுமே எனக் காட்டியவாறு. எழுந்த பூம்பாவையும் சாவாதவளாயினாளல்லள். தவநெறி நின்று சிவகதி சேர்ந்தாள். சிவநேசர் அவளை மணஞ்செய்து கொடுக்க முற்பட, தம்மால் எழுந்தமையின் மகள் முறையாயினாள் எனப் பிள்ளையார் மறுத்தமையும் கருதுக. எழுப்பினார்க்கு எழுந்த உயிர்மேற் பற்றுரிமை இல்லை. வினையை வகுத்தவனே அதனை விலக்கவும் வல்லன். உயிரை விடுத்தவனே வேறோர் உடற்குச் செல்லாது நிறுத்தவும் வல்லன். அவன் திருவருளாற் கூடியதனை ஆராய்ச்சிச் சாலையிற் கூட்டுவேம் என்பதே வேறுபாடு.

இனி, வெளி என்பதனைப் பற்றி நோக்குவாம். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிற் சமண முனிவர் உறைந்த பாழிகள் பல. கீழக்குயில்குடியை அடுத்த சமணர் மலையிற் செட்டிப்பொடவும் பேச்சிப்பள்ளமும் உள. ஆனைமலையிலும் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் உள. பேச்சிப்பள்ளத்து வரிசையாகச் செதுக்கிய உருவங்களுள் பார்சுவநாதரும், கொடி படர நின்ற பாகுபலியும் காணப்படுகின்றனர். சமயப் பகை கருதாது காண்பார்க்கு அவ்வசைவின்மை வியப்பு விளைக்கும். இறவாமையும் வெளியும் ஒருங்கே கல்லில் எழுதப்பட்டது எனினும் இழுக்காது. என்னை? சமணர் கொள்கையில் வீடு என்பது ஓரிடம். வினை முற்றக் கழிந்த உயிர் தன்னியல்பால் மேலெழுந்து, உலகாகாயத்தின் உச்சியிலுள்ள சித்தசிலையை அடைந்து, என்றும் அங்கேயே நிற்கும். அதன்மேலுள்ள அலோகாகாயத்தில் இயக்கத்திற்குத் துணையாகிய தன்மாத்தி இன்மையின் உயிர் அப்பாற் செல்லாது. கடைசி உடலிற் சிறிது குறைந்த அளவுடன் அது நிற்கும் என்பதும் அவர் கொள்கை.

பியோதரோவிற்கும் இவர்க்கும் தொலைவு மிகுதியாயினும், துன்பமற்ற நிலைக்கு வானில் ஓரிடங் காணுதல் இருவர்க்கும் பொது. சித்தாந்தம் இதனை உடன்படாது. ஆகாயம் ஐம்பூதத்துள் ஒன்று, சடம், மாயையிற் றோன்றி மாயையில் ஒடுங்குவது. முப்பத்தாறு தத்துவங்களுள் அதன் நிலை மிகக் கீழானது. எத்துணைத் தொலைவு செல்லினும் உயிர் பூத எல்லையைக் கடந்ததாகாது. ஆணவத்தை உடன் கொண்டே செல்லும். செவ்வாயிற் குடியேறினான் ஒருவன் அங்கும் 'யான், எனது' என்றே வேலியிடுவன். உயிர் தன்னியல்பால் வியாபகப் பொருளாயிருக்க, அதனைச் சுருக்கியது மலமேயன்றி இடமன்று. ஆதலின், வேண்டப்படுவது இடப்பெயர்ச்சியன்று, மலநீக்கமே.

தில்லையில் வெளியாகக் காட்டப்படுவது இப்பூதாகாயமா எனின், அன்று. திரை நீக்கியவிடத்துப் பொன் வில்வமாலையும் வெறுவெளியுமே புலப்படுதல் யாவரும் அறிந்தது. அது ஞானவெளி, சிதாகாசம், திருவருளே. பூதவெளி அதற்கோர் அடையாளம். மதுரை வெள்ளியம்பலத்தின் வரலாறு இதனை இன்னும் தெளிவிக்கும். தடாதகைப்பிராட்டியார் திருமணத்திற்கு வந்த பதஞ்சலியும் வியாக்கிரபாதரும், தில்லைக்கூத்துக் கண்டன்றி உண்ணோம் என்றனர். இறைவன் அவர்களைத் தில்லைக்கு அனுப்பினானல்லன். தில்லையினின்று எழுந்தருளினேன் என்றானுமல்லன். உணவிட்ட அந்நகரிலேயே வெள்ளியம்பலத்தில் அக்கூத்தினைக் காட்டினான். தில்லைக்கும் ஆலவாய்க்கும் இடைப்பட்ட காவதங்கள் அக்கணத்து என்னாயின? தொலைவு என்பது காண்பான் மாட்டு உள்ளதேயன்றிக் காணப்படும் பொருள் மாட்டு இல்லை என்பதே அத்திருவிளையாடலின் உட்கோள். விண்கலம் கடக்கும் வெளி வேறு, இவ்வெளி வேறு. இரண்டற்கும் பெயரொற்றுமை உளதாயினமையின் மயங்குவார் பலராயினர்.

நடராசர் திருவுருவின் பொருளைப் பிறநாட்டார் உணரத் தந்தவர் ஆனந்த குமாரசாமி. அவர் எழுதிய 'சிவ நடனம்' என்னும் ஆங்கிலக் கட்டுரை, நல்லசாமிப் பிள்ளையவர்கள் தொடங்கிய 'சித்தாந்த தீபிகை'யில் 1912 இல் முதலில் வெளிவந்து, 1918 இல் நூலாயிற்று. உண்மை விளக்கம் முதலிய நம் நூல்களே அக்கட்டுரைக்கு உயிர்நாடி. ஒரு சைவத் திங்களிதழிற் பிறந்த கட்டுரை உலகெங்கும் பரவியது என்பதனை நம்மவர் பலர் மறந்தனர். 2004 ஆம் ஆண்டு இந்திய அரசு, ஜெனீவாவின் அருகே அணுத்துகள் ஆராயும் செர்ன் நிலையத்திற்கு இரண்டு மீட்டர் உயரமுள்ள நடராசர் திருவுருவை அளித்தது. அணுவின் ஆட்டமே இவ்வாட்டம் என்பாரும் அங்குளர். அஃது ஆடப்படுவதனை ஆடுவானாகக் கொண்ட உரை. போற்றியதற்கு மகிழ்க, பொருளுரைத்ததற்கு மகிழற்க.

அத்திருவுருவில் துடியேந்திய கை படைத்தல். அமைத்த கை காத்தல். தீயேந்திய கை அழித்தல். ஊன்றிய திருவடி மறைத்தல். தூக்கிய திருவடி அருளல். சாவாமையை வேண்டுவார் இவற்றுள் தீயேந்திய கையை மட்டும் நீக்கிவிட விழைகின்றனர். அழித்தலை நம் ஆசிரியர் இளைப்பாற்றல் என்றனர். பிறந்து பிறந்து உழன்ற உயிர் சற்றே அயர்வு தீர்தற்பொருட்டு இறைவன் செய்யுங் கருணை அது. உழவனை இரவின்றி உழச்செய்வது அவற்குச் செய்யும் நன்மையாகுமோ?

1965 ஆம் ஆண்டு ஏ. பி. நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்' என்னும் தமிழ்ப்படம் மதுரைக் கதைகளைப் பொருளாகக் கொண்டது. புராண வரிசை கெட்டும், நகைச்சுவை மிகுந்தும் உள்ள அப்படத்திற் பண்டிதர் குறைகாண இடம் நிரம்ப உண்டு. ஆயினும் பாணபத்திரர் பொருட்டு விறகு விற்பவனாய் வந்த இறைவன் பாடுமிடத்து, அவன் பாட்டை நிறுத்த, உலகின் இயக்கம் முழுதும் நின்றுவிடுவதாகக் காட்டிய காட்சியில் ஓர் உண்மை தற்செயலாகவேனும் புகுந்துள்ளது. அசைவன எல்லாம் நின்றன. அந்நிலையில் ஒருவரும் சாவாரல்லர், ஒருவரும் வாழ்வாருமல்லர். காலத்தை நிறுத்திப் பெறும் சாவாமை அத்தன்மைத்து. மீளப் பாடியபோதே கடலும் எழுந்தது, சாவும் உடனெழுந்தது.

இனிச் சித்தர் நெறியைக் கூறாது விடின் ஆராய்ச்சி நிரம்பாது. திருமந்திரத்துட் காயசித்தி உபாயம் கூறப்பட்டது. உடலை இழுக்கென்றிருந்து, பின்னர் அதனுள் உறுபொருள் உண்மை கண்டு ஓம்புதல் அந்நூல் காட்டும் நெறி. வடலூரில் 1872 இல் சத்திய ஞானசபை நிறுவிய இராமலிங்க அடிகள், மரணமிலாப் பெருவாழ்வு என்று கூறி, 1874 ஜனவரி 30 ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் திருக்காப்பிட்டுக் கொண்டமையும் யாவரும் அறிவர். அது தனியே ஆராய்தற்குரியது. ஈண்டு வேண்டுவது இத்துணையே: உடம்பை ஓம்புக என்றவர் உடம்பிற்காக ஓம்புக என்றிலர். மாயையாலாய உடல் விடியுமளவும் ஏற்றிவைத்த விளக்கு எனத் திருவருட்பயன் உணர்த்தும். விளக்கு அவியாது காத்தல் கடன். எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பின் விடிந்துவிடும் என எண்ணுதல் மயக்கம். ஆயிரம் ஆண்டு எரியினும் விளக்கொளி பகலாகாது. அமுதமுண்ட தேவர்க்கு 'அமரர்' என்பது பெயரளவே. பேரூழியில் அவரும் மாய்வர் என்பதும் இதுபற்றியே.

மதுரைச் சுவாமி சந்நிதியில் விமானத்தை எட்டு யானைகள் தாங்கும். அச்சந்நிதித் திருச்சுற்றில் எல்லாம் வல்ல சித்தர் எழுந்தருளியுள்ளார். அபிடேக பாண்டியன் காலத்து அச்சித்தர் நகரில் உலவிச் சேய்மையிலுள்ள மலையை அண்மைக்கும் அண்மையிலுள்ளதைச் சேய்மைக்கும் ஆக்கினர், கிழவரைக் காளையராக்கினர். இடமும் காலமும் அவர் கையில் விளையாட்டுப் பொருளாயின என்பதாயிற்று. அரசன் ஆளனுப்பியும் அவர் சென்றிலர். தை முதல்நாளில் அரசனே கோயிலுக்கு வந்து, கரும்பொன்றைக் கொடுத்து, அங்குள்ள கல்யானையை உண்பிக்க வேண்டினான். யானை கண்விழித்துக் கரும்பைத் தின்று, அரசன் கழுத்து முத்துமாலையையும் பறித்தது. காவலர் சினந்து சித்தரை அடிக்க ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. அரசன் அடியில் வீழ்ந்தான். சித்தர் முனிவு தணிந்து, வேண்டும் வரம் யாது என்றார்.

மூத்தாரை இளையராக்க வல்லவர் முன்னே நின்று, கேட்டது கொடுப்பேன் என்ற சொல்லும் பெற்றபின், அரசன் தனக்கு மூவாமையைக் கேட்டிலன், சாவாமையைக் கேட்டிலன், வானுலகிற் செல்லும் ஆற்றலையும் கேட்டிலன். மகப்பேறு இல்லாத அவன் ஒரு மகனைக் கேட்டான். தனக்குப்பின் அவ்வரியணையிற் பிறனொருவன் இருத்தலை, அதாவது தான் இல்லாது போதலை, உடன்பட்டே அவ்வரத்தைக் கேட்டான். சித்தரும் அதனையே கொடுத்தருளினார். யானை மாலையைத் திருப்பிக் கொடுத்தது. பிறந்த மகன் விக்கிரம பாண்டியன். உரிய பருவத்தில் முடிசூட்டி, அபிடேகன் சிவனடி சேர்ந்தான். இன்றும் தை முதல்நாளில் அத்திருவிளையாடல் ஆலவாயில் நிகழ்த்தப்படுகின்றது.